மோட்சத்துக்குப் போனவருக்குத் தேவையில்லை, நரகத்துக்குப் போனவருக்குப் பயனில்லை. அப்படியானால் பூசை யாருக்காக?

கத்தோலிக்கரான உங்கள் மாமனாரின் முப்பதாம் நாள் பூசைக்கு, அதாவது இறந்தவருக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலிக்கு, வீட்டில் ஏற்பாடு நடக்கிறது, சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்திலிருந்து வந்த உங்களுக்கு அதில் மனம் ஒட்டவில்லை, அதனால் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இறந்தவர் மோட்சத்தில் இருந்தால் நம் ஜெபம் அவருக்குத் தேவையில்லை, நரகத்தில் இருந்தால் பயனில்லை, அப்புறம் எதற்காக வேண்டுவது? வேதாகமத்தில் இது எங்கே இருக்கிறது? பூசைக்குப் பணம் கொடுப்பது மோட்சத்தை விலைக்கு வாங்குவது ஆகாதா? தயங்கித் தயங்கி நான்காவதாக ஒன்றும் சேர்த்திருக்கிறீர்கள்: இந்துவாகவே வாழ்ந்து இறந்த உங்கள் அம்மாச்சிக்காகப் பூசை கேட்டால் வைப்பார்களா என்று. வைப்பார்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், விவரம் பின்னால் வருகிறது.

உங்கள் முதல் கேள்வி கூர்மையானது, பல கத்தோலிக்கர்களுக்கே அதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாது. உத்தரிக்கிற ஸ்தலம் என்றால் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இடம், பாஸ் மார்க் வாங்காதவர்கள் அரியர் எழுதுகிற இடம் என்றுதான் நம்மில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. மனிதன் சாகிற கணத்திலேயே அவனுக்குத் தனித்தீர்வை, அதாவது அவனுக்கான தீர்ப்பு, முடிந்துவிடுகிறது. ஒரே முறை சாவு, அதன்பின் தீர்ப்பு என்று எபிரேயர் 9:27 சொல்வதை நாங்களும் அப்படியே ஏற்கிறோம். அந்தத் தீர்ப்பை எந்தப் பூசையாலும் மாற்ற முடியாது, நரகத்திலிருந்து யாரையும் ஜெபத்தால் மீட்க முடியாது, இறந்தபின் மனம் திரும்ப இரண்டாவது வாய்ப்பும் கிடையாது. உத்தரிக்கிற நிலையில் இருக்கிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே மீட்கப்பட்டவர், மோட்சம் அவருக்கு நிச்சயம். கடவுளின் அருளிலும் நட்பிலும் இறந்து, ஆனால் இன்னும் முழுமையாகத் தூய்மையடையாதவர்களைப் பற்றியதுதான் இந்தப் போதனை என்று திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலின் 1030ஆம் எண்ணில் தெளிவாகவே இருக்கிறது.

அது என்ன தூய்மை என்று கேட்பீர்கள், மன்னிப்புதான் கிடைத்துவிட்டதே என்பீர்கள். வரப்புத் தகராறில் சொந்தத் தம்பியோடு இருபது வருஷம் பேசாமல் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சாகும்போது பாவசங்கீர்த்தனம் செய்கிறார், மனதாரத்தான் செய்கிறார், மன்னிப்பும் பெறுகிறார். ஆனால் தம்பியின் பெயரைக் கேட்டதும் முகம் கடுகடுக்கிற அந்தப் பழக்கம், இருபது வருஷம் ஊறிப்போன அந்தக் கசப்பு, ஒரே நொடியில் கழன்று விழுந்துவிடுகிறதா? அதே தம்பியோடு என்றென்றும் ஒரே பந்தியில் உட்கார வேண்டிய இடம் மோட்சம். தீட்டுள்ள எதுவும் அதற்குள் நுழையாது என்று திருவெளிப்பாடு 21:27 சொல்கிறது. மன்னிப்புப் பெற்ற பிறகும் நமக்குள் நேராக வேண்டிய கோணல்கள் இருக்கின்றன, அவற்றை நேராக்குவதும் கடவுளின் வேலைதான், அதில் வேதனையும் உண்டு. கிறிஸ்துவின் சிலுவை போதவில்லை என்பதால் மனிதன் மிச்சத்தைக் கட்டுகிறான் என்று இதைப் புரிந்துகொண்டால் தவறு. சிலுவையின் பலன் அந்த மனிதனுக்குள் கடைசிவரை ஊடுருவிப் போவதைத்தான் இப்படிச் சொல்கிறோம்.

பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் 2007இல் எழுதிய சுற்றுமடலில் ஒரு கருத்தை எடுத்துச் சொல்கிறார், இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான்: சுடுகிறதும் மீட்கிறதுமான அந்த நெருப்பு கிறிஸ்துவேதான், அவருடைய பார்வையை நேருக்கு நேர் சந்திப்பதுதான் அந்தத் தீர்ப்பு, அந்தச் சந்திப்பில் நம் பொய்யெல்லாம் எரிந்துபோகிறது, அதன் நேரத்தை நம் கடிகாரத்தால் அளக்க முடியாது. ஜெனோவா நகரத்துப் புனித கத்தரீன், 1510இல் இறந்தவர், இதற்கும் மேலே போய், மோட்சத்தின் மகிழ்ச்சியைத் தவிர்த்தால் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மகிழ்ச்சிக்கு ஈடாக வேறெதுவும் இல்லை என்றார். வேதனையும் மகிழ்ச்சியும் ஒன்றாகவே இருக்கும் என்பது அவர் கண்டது.

நெருப்புச் சட்டிக்குள் ஆத்துமாக்கள் கை நீட்டி அலறுகிற படங்களை நீங்கள் உங்கள் புகுந்த வீட்டில் பார்த்திருக்கலாம். அவை படங்கள், அவ்வளவுதான். திருச்சபை அதிகாரபூர்வமாக வரையறுத்தது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. 1439இல் புளோரன்ஸ் சங்கத்தில், அதாவது ஆயர்களின் பொதுக்கூட்டத்தில், கிரேக்கத் திருச்சபையினர் நெருப்பு என்ற பேச்சை ஏற்க மறுத்தார்கள், அதனால் இரு திருச்சபைகளின் ஒன்றிப்பு ஆணையில் அந்தச் சொல்லே சேர்க்கப்படவில்லை. 1563 டிசம்பரில் திரிதெந்தின் சங்கம் இரண்டே விஷயங்களைச் சொன்னது: இந்தத் தூய்மையாக்கம் உண்டு, அங்கே இருக்கிறவர்களுக்கு நம்பிக்கையாளரின் வேண்டுதலும் குறிப்பாகப் பலிபூசையும் உதவுகின்றன. கூடவே, பாமர மக்களுக்குப் பயன்படாத நுணுக்கக் கேள்விகளைப் பிரசங்கத்தில் கிளப்பாதீர்கள், வெறும் ஆர்வத்தையும் மூடநம்பிக்கையையும் இழிவான பண ஆசையையும் தூண்டுகிற எதையும் தடுத்து நிறுத்துங்கள் என்று ஆயர்களுக்குக் கட்டளையும் போட்டது. எவ்வளவு காலம், எந்த இடம், எந்த மாதிரி வேதனை என்றெல்லாம் யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால், அது அவருடைய சொந்தக் கருத்து.

சரி, வேதாகமத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் வழக்கமாகக் காட்டுகிற பகுதி 2 மக்கபேயர் 12. போரில் இறந்த யூத வீரர்களை அடக்கம் செய்யப் போகிறார்கள், பார்த்தால் அவர்களுடைய உள்ளாடைக்குள் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகள் இருக்கின்றன. மோசேயின் சட்டம் தடை செய்த பொருள். யூதா மக்கபே அவர்களைத் தூக்கி எறியவில்லை. எல்லோரும் சேர்ந்து அவர்களுடைய பாவம் துடைக்கப்பட வேண்டும் என்று மன்றாடுகிறார்கள், 2,000 வெள்ளி திராக்மா திரட்டிப் பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திராவிட்டால் இறந்தோருக்காக வேண்டுவது வீண் வேலையாகியிருக்கும் என்று நூலாசிரியரே விளக்கமும் தருகிறார்.

உங்கள் பைபிளில் அந்த நூல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை வேதமாக ஏற்காவிட்டாலும் ஒரு சரித்திரச் சான்றாகவாவது பாருங்கள்: இயேசு பிறப்பதற்கு முன்பே, அவர் பிறந்த அந்த மக்களிடையே இறந்தோருக்காக வேண்டுகிறவர்கள் இருந்தார்கள், உயிர்ப்பை நம்பியதால்தான் வேண்டினார்கள், இயேசு அதைக் கண்டித்ததாக எங்கும் இல்லை. அப்புறம் 1 கொரிந்தியர் 3. ஒருவன் கட்டியதை நெருப்பு சோதிக்கும், கட்டியது எரிந்துபோனால் அவனுக்கு நஷ்டம், ஆனாலும் அவன் நெருப்பில் அகப்பட்டுத் தப்பியவனைப்போல மீட்கப்படுவான் என்கிறார் பவுல். 2 திமொத்தேயு 1இல் ஒனேசிப்போருக்காக, அந்த நாளில் ஆண்டவர் அவனுக்கு இரக்கம் காட்டட்டும் என்று அவரே வேண்டுகிறார். ஒனேசிப்போர் அப்போது இறந்திருந்தார் என்று பலர் கருதினாலும் பவுல் அதை நேராகச் சொல்லவில்லை. இந்த வசனங்களைக் கூட்டி வைத்து உத்தரிக்கிற ஸ்தலத்தை வேதாகமத்திலிருந்து கணக்குப்போல நிரூபித்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். என் கருத்தில் விஷயம் வேறு விதமாக வளர்ந்தது. கிறிஸ்தவர்கள் தொடக்கத்திலிருந்தே தங்கள் இறந்தோருக்காக வேண்டினார்கள், ஏன் வேண்டுகிறோம் என்ற விளக்கம் மெதுவாக, பல நூற்றாண்டுகளில் வந்தது.

அந்தத் தொடக்கத்தைப் பார்க்க 203ஆம் ஆண்டுக் கார்த்தேஜ் நகரத்துச் சிறைக்குப் போக வேண்டும். பெர்பெத்துவா என்ற இளம் தாய், வயது இருபத்திரண்டு அளவில், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர், விசுவாசத்துக்காகக் காட்டு விலங்குகள் முன் எறியப்படக் காத்திருக்கிறார். சிறையில் அவரே எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. ஜெபித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று அவர் வாயில் தம்பி தினோக்ராத்தேஸின் பெயர் வருகிறது. ஏழு வயதில் முகத்தில் வந்த புண்ணால் இறந்த பிள்ளை. அன்றிரவே ஒரு காட்சி: இருட்டான இடத்திலிருந்து தம்பி வெளியே வருகிறான், தாகத்தால் வாடியிருக்கிறான், முகத்தில் அதே புண், பக்கத்தில் தண்ணீர் நிறைந்த தொட்டி, ஆனால் அதன் விளிம்பு அவன் உயரத்துக்கு மேலே, எட்டி எட்டிப் பார்க்கிறான், குடிக்க முடியவில்லை. விழித்தெழுந்த பெர்பெத்துவா இரவும் பகலும் அழுது அவனுக்காக மன்றாடுகிறார். சில நாள் கழித்து மறுபடியும் ஒரு காட்சி. தம்பி சுத்தமாக, நல்ல உடையில் இருக்கிறான், புண் ஆறித் தழும்பாகிவிட்டது, தொட்டியின் விளிம்பு அவன் இடுப்பளவுக்குத் தாழ்ந்திருக்கிறது, ஆசைதீரக் குடித்துவிட்டுக் குழந்தைகள் விளையாடுவதுபோலத் தண்ணீரில் விளையாடப் போகிறான். அந்தக் காட்சியை வைத்து யாரும் மறைக்கல்வி எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு எந்தச் சங்கமும் எதையும் வரையறுத்துத் தரவில்லை, எந்தக் குருவும் பணம் கேட்கவில்லை. நாளைக்குச் சாகப் போகிற ஒரு கிறிஸ்தவ அக்கா, செத்துப்போன தம்பிக்காக வேண்டினாள், அது உதவும் என்று நம்பினாள். அதே ஊர்க்காரரான தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ஏறக்குறைய அதே காலத்தில், இறந்தோருக்காக ஆண்டுதோறும் அவர்களுடைய நாளில் காணிக்கைப் பலி ஒப்புக்கொடுக்கும் வழக்கத்தைப் பழைய மரபாகவே குறிப்பிடுகிறார்.

இன்னொரு தாய், மோனிக்கா, அகுஸ்தினாரின் அம்மா. ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற வந்த இடத்தில், ஒஸ்தியா துறைமுகத்தில், 387இல் சாகக் கிடக்கிறார். சொந்த ஊரில் கணவர் பக்கத்தில் கல்லறை தயார் செய்து வைத்திருந்தவர். இப்போது மகன்களிடம் சொல்வது, இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நான் கேட்பது ஒன்றுதான், எங்கே இருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் முப்பதாம் நாள் பூசை வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பதும் அந்த வரிசையில் வருகிறதுதான். நவம்பர் 2ஆம் தேதிக் கல்லறைத் திருநாள் குளூனி மடத்து அதிபர் ஓதிலோ 11ஆம் நூற்றாண்டை ஒட்டித் தன் மடங்களில் தொடங்கி வைத்துப் பரவியது, அதற்கு ஆறு நூற்றாண்டு முன்பே மோனிக்கா இதைக் கேட்டுவிட்டார்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இதையெல்லாம் ஒழித்தார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தையும் இறந்தோருக்கான பூசைகளையும் அவர் தள்ளினார், உண்மை. ஆனால் 1528இல் எழுதிய விசுவாச அறிக்கையில், இந்த ஆத்துமா இரக்கம் பெறக்கூடிய நிலையில் இருந்தால் இரக்கம் காட்டும் ஆண்டவரே என்று ஒன்றிரண்டு தடவை தனியாக வேண்டுவது பாவமென்று நான் கருதவில்லை என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். கீழைத் திருச்சபைகளோ நெருப்பு, தண்டனை என்ற மேற்கத்திய விளக்கத்தை ஏற்காமலே மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள் என்று இன்றுவரை வேண்டிக்கொண்டிருக்கின்றன. விளக்கத்தில்தான் பிரிவு இருக்கிறது, இறந்தோருக்காக வாய் திறந்து வேண்டுவது நீங்கள் நினைப்பதைவிட மிக விரிவான பொதுச் சொத்து.

நம் ஜெபம் எப்படி அவர்களுக்கு உதவும் என்பதற்கு எங்கள் பதில் விசுவாசப் பிரமாணத்தில் இருக்கிறது, நீங்களும் ஞாயிறுதோறும் சொல்கிற பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்தான் அது. உயிரோடிருக்கும் நண்பனுக்காக வேண்டுவது உதவும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அவன் நேற்று மாலை இறந்தான் என்பதற்காகக் கிறிஸ்துவின் உடலிலிருந்து அவன் அறுந்து விழுந்துவிடவில்லை, நானும் விழுந்துவிடவில்லை, பிறகு என் வேண்டுதல் மட்டும் ஏன் நேற்று மாலையோடு நிற்க வேண்டும்? அவர் ஏற்கெனவே மோட்சம் சேர்ந்துவிட்டிருந்தால் என் ஜெபம் வீண்தானே என்று சிலர் கேட்பார்கள். கடவுள் காலத்துக்குக் கட்டுப்பட்டவர் கிடையாது, நாற்பது வருஷம் கழித்து நான் செய்யும் ஜெபத்தை அவர் அன்றே கேட்டிருப்பார்.

பணத்தைப் பற்றிக் கேட்டது நியாயம். மானம் போகும்படியான வரலாறு எங்களுக்கு இதில் உண்டு. ரோமில் பேதுரு பேராலயம் கட்டுவதற்காக ஜெர்மனியில் தெட்சல் போன்ற பிரசங்கிகள் பலன்களை, அதாவது பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் சலுகைகளை, விற்றது போல நடந்துகொண்டதும், அதைக் கண்டு 1517இல் லூத்தர் கொதித்ததும் எல்லோருக்கும் தெரிந்ததே, அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. இன்றைய சட்டம் கடுமையாகவே இருக்கிறது. பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 947. காணிக்கைத் தொகையை அந்தத் திருச்சபை மாநிலத்து ஆயர்கள் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள், குரு அதற்குமேல் கேட்கக் கூடாது, ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும் பொதுவாக ஒரே ஒரு காணிக்கையைத்தான் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம், கொடுக்க முடியாத ஏழைகளுக்குக் காணிக்கையே இல்லாமல் வைக்கும்படி சட்டம் 945 பரிந்துரைக்கிறது. இதற்கு மாறாக எங்காவது நடந்தால் அது தவறு, வாய் திறந்து சொல்லலாம்.

முப்பது பூசை என்ற வழக்கம் பிறந்த கதையும் பணத்தைப் பற்றியதுதான். பெரிய கிரகோரியார், பாப்பரசராக ஆகும் முன், ரோமில் தன் மடத்தில் இருந்தபோது யுஸ்துஸ் என்ற துறவி மூன்று பொற்காசுகளை ஒளித்து வைத்திருந்தது அவர் சாகும் நேரத்தில் தெரியவந்தது. சொந்தமாக எதுவும் வைத்திருக்கக் கூடாது என்பது மடத்து ஒழுங்கு. கிரகோரியார் கடுமையாக நடந்துகொண்டார், குப்பைமேட்டில் அடக்கம் செய்து அந்தக் காசுகளையும் உள்ளே எறியச் சொன்னார். பிறகு மனம் பொறுக்காமல், தொடர்ந்து முப்பது நாள் அவருக்காகப் பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னார், முடிவில் அந்தத் துறவி தன் உடன்பிறந்தவருக்குக் காட்சி தந்து இப்போது நலமாக இருக்கிறேன் என்றாராம். கிரகோரியார் பூசை என்று இன்றும் முப்பது நாள் தொடர்ச்சியாக வைப்பது இதிலிருந்து வந்தது.

பழைய ஜெபப் புத்தகங்களில் 300 நாள் பலன், ஏழு வருஷப் பலன் என்று அச்சடித்திருக்கும். உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் கழிகிறது என்று பாட்டிகள் நினைத்தார்கள். ஆதித் திருச்சபையில் பாவிகள் வெளிப்படையாகச் செய்த தவ நாட்களோடு ஒப்பிட்ட கணக்கு அது. ஆறாம் பவுல் 1967இல் அந்த நாள் கணக்கையே எடுத்துவிட்டார்.

மறுவாழ்வைப் பற்றிப் பேசும்போது நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவனின் கடைசி நம்பிக்கை ஆத்துமா மோட்சத்துக்குப் போவதோடு முடியவில்லை, உடலின் உயிர்ப்பில்தான் முடிகிறது. அதனால்தான் தகனத்தை 1963 முதல் அனுமதித்தாலும் சாம்பலைத் தூவக் கூடாது, புனிதமான ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்கிறார்கள். உலக முடிவில் எல்லோருக்கும் நடக்கும் பொதுத்தீர்வை நாள் வரை நீதிமான்களின் ஆத்துமாக்கள் கடவுளை நேருக்கு நேர் காண்பதில்லை என்று 1331 வாக்கில் பிரசங்கித்து ஒரு பாப்பரசரே பெரும் குழப்பத்தை உண்டாக்கினார், 22ஆம் ஜான். இறையியலாளர்கள் எதிர்த்தார்கள், 1334இல் மரணப் படுக்கையில் அவர் அதைத் திரும்பப் பெற்றார். அவருக்குப் பின்வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல், தூய்மையடைந்த ஆத்துமாக்கள் உயிர்ப்புக்குக் காத்திராமல் உடனே கடவுளைக் காண்கிறார்கள் என்று வரையறுத்தார். இறந்தவரின் ஆவி வீட்டைச் சுற்றும், ஆசை தீராமல் அலையும் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை. ஆவியை அழைத்துப் பேச வைப்பது இணைச்சட்டம் 18இலேயே தடை செய்யப்பட்டது, எங்களுக்கும் தடைதான்.

தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைப் படிக்கிற யாருக்காவது அந்தக் காயம் இருக்கும். அவர்களுக்குப் பூசை கிடையாது, கல்லறை கிடையாது என்று ஒரு காலத்தில் மறுத்தார்கள், குடும்பங்கள் கூனிக் குறுகி நின்றன. 1983 சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அவர்களுடைய மீட்பைக் குறித்து அவநம்பிக்கை கொள்ளக் கூடாது, கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் அவர் மனம் திரும்ப வாய்ப்பளிக்க முடியும், திருச்சபை அவர்களுக்காக வேண்டுகிறது என்று மறைக்கல்வி 2283 சொல்கிறது. பூசை கேளுங்கள், யாராவது முகம் சுளித்தால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் அம்மாச்சி. உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசையை ஒப்புக்கொடுக்கலாம் என்பது சட்டம் 901, அதில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு மட்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர்கள், நேரிய மனதோடு கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி வாழ்ந்திருந்தால் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் சொல்லிவிட்டது. பூசையில் குரு சொல்லும் ஜெபங்களில் ஒன்றான நான்காம் நற்கருணை மன்றாட்டில், கடவுள் ஒருவருக்கே தெரிந்த விசுவாசத்தோடு இறந்துபோனவர்களுக்காக வேண்டுகிற ஒரு வரி இருக்கிறது. அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு நம் ஊரின் இப்படிப்பட்ட பாட்டிகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

பங்கு அலுவலகத்தில் அம்மாச்சியின் பெயரைச் சொல்லி இறந்தோர் கருத்தில், அதாவது பூசை யாருக்காக என்று குறிக்கும் இடத்தில், எழுதச் சொல்லுங்கள், இந்து என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள். அவர் இறந்த நாளைக் குறித்துக் கேட்டால் அன்றே வைக்கப் பார்ப்பார்கள். மாமனாரின் பூசைக்கு நீங்கள் போய் உட்காரலாம், வாசகங்களைக் கேட்கலாம், தெரிந்த ஜெபங்களைச் சேர்ந்து சொல்லலாம். நற்கருணை மட்டும் வழக்கமாகக் கத்தோலிக்கருக்குத்தான் என்பதால் அப்போது இருக்கையிலேயே இருந்துகொள்ளுங்கள். நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே என்று குரு சொல்லும்போது, முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக என்று எல்லோரும் பதில் சொல்வார்கள். அந்த அளவுக்காவது உங்கள் மனச்சாட்சி இடம் கொடுத்தால் நீங்களும் சேர்ந்து சொல்லலாம்.